தகட்டைத் தொட்டவள்

என் வீட்டுக்காரர் வீட்டிலேயே சின்னதாக ஒரு சூரியன் செய்யப் போவதாகச் சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் பெயர் மணிகண்டராஜ். சிவகாசியில் ஆப்செட் அச்சு மிஷின்களைப் பழுது பார்க்கிற வேலை. பகலெல்லாம் மிஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷன் வீட்டில் சும்மா இருக்க வேண்டியதுதானே? இருக்க மாட்டார். ஒரு வருஷம் தேனீ வளர்த்தார். அது தெருவில் பாதிப் பேரைக் கொட்டிவிட்டுப் பறந்துபோனது. ஒரு வருஷம் பழைய ரேடியோக்களாக வாங்கிக் குவித்தார். அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்று நினைத்தேன்.

“ஏங்க, நம்ம ஊர்ல சூரியனுக்கு என்ன குறைச்சல்? இருக்கிற ஒண்ணையே தாங்க முடியல.”

அவர் சிரிக்கவில்லை. டப்பாவிலிருந்து இரண்டு பொட்டுக்கடலையை எடுத்துத் தரையில் வைத்தார். இவை இரண்டும் ஹைட்ரஜன் அணுவின் கரு என்று வைத்துக்கொள், ஒன்றையொன்று கிட்டேயே சேர்க்காது, ஆனால் போதுமான வேகத்தில் மோதவிட்டால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டும்போது சக்தி வெளியே வரும், சூரியன் எரிவது அப்படித்தான் என்றார். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடி ஜாடி, அதற்குள் கம்பியில் பின்னிய ஓர் உருண்டை, அந்த உருண்டைக்கு ஏகப்பட்ட வோல்ட் மின்சாரம். வெளிநாட்டில் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்களாம். படம் அனுப்பி ஒருவருக்கொருவர் யோசனை கேட்டுக்கொள்கிறார்களாம். கரு நிஜமாகவே சேர்வதற்குத் தனி வாயு வேண்டும், அதற்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும். முதல் கட்டம், ஜாடிக்குள் வெறும் ஒளியை வரவைப்பது. அதையாவது செய்து பார்த்துவிட வேண்டும் என்றார்.

“மொத்தத்துல அணு.”

“அணுதேன்.”

“கூடங்குளத்த நம்ம கொல்லைக்குக் கொண்டாரீக.”

“அது பிளக்குறது மீனா. இது சேக்குறது.”

எனக்குப் பிளப்பதும் தெரியாது, சேர்ப்பதும் தெரியாது. நெருப்பு தெரியும். என் வீட்டில் இதெல்லாம் ஆகாது என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

நான் பிடிவாதக்காரி என்று தெருவில் பேர். இந்த விஷயத்தில் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் ஆமத்தூர். நானும் என் தங்கை அருணாதேவியும் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். வெடிமருந்து அறைக்குள் நுழைகிறவர்கள் வாசல் சுவரில் பதித்திருக்கும் செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நடக்கும்போது உடம்பிலும் சேலையிலும் சேர்ந்திருக்கிற மின்சாரம் அந்தத் தகடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காவிட்டால், விரல் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி வந்தாலும் போதும். இன்னொன்று, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் வாசலில் நின்று “உள்ள எத்தன பேரு?” என்று கேட்டுவிட்டுத்தான் காலெடுத்து வைப்போம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, இதெல்லாம் யோசிக்காமலே வரும். வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆன பிறகும் எனக்கு வருகிறது.

ஒரு சித்திரை மாதக் காலையில் அருணாதேவியின் அறை வெடித்தது. மருந்து அடைக்கிற காகிதக் குழாய்க் கூடு எடுக்க வெளியே வந்தவள், திரும்பி உள்ளே போன சற்று நேரத்தில் வெடித்தது. அவளோடு சேர்த்து உள்ளே இருந்த நான்கு பேரும் போய்விட்டார்கள். விசாரிக்க வந்தவர்கள் தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். கடைசியாக உள்ளே போனவள் இவள். அப்படியானால் தகட்டைத் தொடாமல் போனவளும் இவள்தான் என்றார்கள்.

அவள் தொட்டாள். நான் எதிர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வலது உள்ளங்கையைத் தகட்டில் வைத்தாள். என்னைப் பார்த்து, வெயிலுக்கு முகத்தைச் சுளித்தாள். அதற்குப் பிறகுதான் உள்ளே போனாள். இதைக் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அழுதுகொண்டும் சொன்னேன், சண்டை போட்டும் சொன்னேன். கூடப் பிறந்தவள் வேறென்ன சொல்வாள் என்று போய்விட்டார்கள்.

இறந்தவர்களில் பத்திரகாளியும் ஒருத்தி. எங்கள் எதிர் வீட்டுப் பலவேசத்தின் பெண்டாட்டி. பலவேசமும் அதே கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்தான். காரியம் முடிந்த பிறகு தெருவில் வைத்து என்னை நிறுத்திக் கேட்டார்.

“தொட்டான்னே வச்சுக்குவோம். தொட்டிருந்தா எப்படித்தா வெடிக்கும்?”

அவள் கை வைத்ததைத்தான் மறுபடியும் சொன்னேன். அன்றோடு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்புவதை விட்டார். தெருக்காரர்கள் சேர்ந்து இருக்கன்குடிக் கோயிலுக்கு வேன் பிடித்தால், நாங்கள் ஏறியதைப் பார்த்ததும் அவர் இறங்கிவிடுவார். என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. அருணாதேவியின் மகள் யோகேஸ்வரியை நாங்கள்தான் வளர்க்கிறோம். அவள் அப்பன் திருப்பூர்ப் பக்கம் போய் இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டான். மூணு உசுரைக் கொன்னவ மக என்று பள்ளிக்கூடத்திலேயே அவள் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது விருதுநகரில் காலேஜ் போகிறாள். ஒருநாள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, “பெரியம்மா, நீங்க நெசமாவே பாத்தீகளா?” என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தலையாட்டல் என்னைத் தின்றது.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்புகூடக் கிடையாது. அந்த வீட்டுக்குள்தான் இந்த மனுஷன் சூரியனைக் கொண்டுவரப் பார்த்தார்.

அவர் கெஞ்சவும் இல்லை, மறைவாகச் செய்யவும் இல்லை. ஒரு நாள் சாப்பிடும்போது மட்டும் சொன்னார்: “ஒண்ணு சொல்லவா? நமக்குத் தெரிஞ்ச நெருப்பெல்லாம் தப்பு நடந்தா பெருசாகும். இது அப்படியில்ல. ஜாடியில ஒரு விரிசல் விழுந்து காத்து உள்ள பூந்துச்சுன்னா அணைஞ்சு போகும். தப்பு நடந்தா அணையுற நெருப்பு.”

அந்தப் பேச்சு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்படியும் ஒரு நெருப்பு இருக்க முடியுமா? இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டுச் சம்மதித்தேன். ஆனால் என் சட்டப்படிதான் நடக்க வேண்டும் என்றேன். கொல்லை அறையில்தான் செய்ய வேண்டும். எதிரெதிராக இரண்டு கதவு வேண்டும். நான்கு பேருக்கு மேல் உள்ளே கூடாது. வாசலில் செப்புத் தகடு பதித்து, கொல்லை மண்ணில் குழி தோண்டிக் கம்பி இறக்க வேண்டும். அவர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. குழியில் கரியும் உப்பும் போட்டு இரும்புக் கம்பியை நட்டு, நானே தண்ணீர் ஊற்றினேன். மிஷினுக்கும் எர்த் வேண்டும், தனியாக எதற்கு இன்னொரு குழி என்று அவர் ஜாடி உட்காரும் இரும்புத் தட்டையும் அதே தகட்டோடு இணைத்துவிட்டார்.

சாமான் ஒவ்வொன்றாக வந்தது. காற்றை உறிஞ்சும் பம்ப், ஏசி மெக்கானிக் ஒருவர் கழித்துப் போட்டது. ஜாடி, மூடிப்போன ஒரு டுடோரியல் காலேஜ் லேபிலிருந்து. மின்சாரத்துக்கு விருதுநகரில் விளம்பரப் பலகை செய்கிற செய்யது அபுதாஹிர் பாயிடம் போனோம். நியான் பலகை போய் எல்லாம் எல்.ஈ.டி. ஆகிவிட்டதால் பழைய டிரான்ஸ்பார்மர்கள் கடை மூலையில் கிடந்தன. பாய் அதை எடுத்து உடனே தரவில்லை. எதற்கு என்று கேட்டார், இவர் சொன்னதை முழுக்கக் கேட்டார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, இது வீட்டு கரண்டு மாதிரி ஒதறிட்டு விடாது. ஓடிக்கிட்டிருக்கும்போது ஒரு கைய எப்பவும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிடச் சொல்லுங்க.”

கொல்லை அறையின் ஜன்னலை என் வீட்டுக்காரர், கலர் தள்ளி அச்சாகிக் கழிந்துபோன காலண்டர் தாள்களால் மூடினார். முருகனுக்கு இரண்டு மூக்கு, லட்சுமிக்கு நாலு கண். அத்தனை கண்ணும் பார்த்துக்கொண்டிருக்க, மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்தோம். பம்ப் வெகுநேரம் முனகியது. அவர் குமிழைத் திருகினார். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். ஜாடிக்குள் கம்பி உருண்டையைச் சுற்றி, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வெளிச்சம் மெல்ல வந்து நின்றது.

நான் காதைப் பொத்திக்கொண்டேன். சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. புகை இல்லை, கந்தக வாடை இல்லை. வெளிச்சம் அது பாட்டுக்கு இருந்தது. என் வயசுக்கு நான் பார்த்த அழகான வெளிச்சமெல்லாம் யாரோ ஒருத்தி உயிரைப் பணயம் வைத்துச் செய்தது. இது யார் உயிரையும் கேட்காமல் இருந்தது.  யோகேஸ்வரி என் கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“இது இன்னும் சூரியன் இல்ல. ஆரம்பந்தேன்” என்றார் அவர். ஆனால் ஜாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சித்திரை பிறந்தது. குழாய்த் தண்ணீர் எப்போதாவது வந்தது; குடிக்கப் பிடிக்கவே அடிதடி. வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் அவர் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். யோகேஸ்வரி பின்கதவுப் பக்கம் மெயின் சுவிட்சுக்குக் கீழே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நான் அவருக்கு ஒரு செம்பு மோர் எடுத்துக்கொண்டு போனேன். வெறுங்கால். வாசலில் “உள்ள எத்தன பேரு?” என்றேன். யோகேஸ்வரி சிரித்துக்கொண்டே “ரெண்டு பேரு பெரியம்மா” என்றாள். செம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையைத் தகட்டில் வைத்தேன்.

கை என் கையாக இல்லை. தகடு பிடித்துக்கொண்டது. கத்த வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. செம்பு விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. ஜாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் திரும்புவதற்குள், யோகேஸ்வரி எழுந்து மெயின் சுவிட்சை இழுத்துவிட்டாள். நான் வாசலில் விழுந்தேன்.

உள்ளங்கை பொசுங்கி, முழங்கை வரை மரத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர் கொல்லை அறையில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். பாதியைக் கழற்றியிருந்தார். 

“போதும் மீனா. எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுடுறேன்.”

“ஏன் அடிச்சுச்சு?”

“என் கவனக்குறைவுதேன். வேறென்ன.”

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததென்று தெரியவில்லை. கட்டுப் போட்ட கையோடு அவர் ஸ்பேனரைப் பிடுங்கி எறிந்தேன்.

“அந்த வார்த்தைய என் வீட்டுல சொல்லாதீக! அதைச் சொல்லி மூடிட்டுப் போறதுக்கு உங்களுக்கு எம்புட்டு சுலபமா இருக்கு. ஏன் அடிச்சுச்சுன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்ச பொறவு கழட்டுங்க, போடுங்க, என்னமும் செய்யுங்க.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்தார். ஜாடித் தட்டிலிருந்து தகடு வரை ஒவ்வொரு திருகாக இழுத்துப் பார்த்தோம். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. தகட்டிலிருந்து சுவர் வழியாகக் கொல்லைக்குப் போகிற கம்பி அறுபடவில்லை. கடைசியில் குழிக்கு வந்தோம். அவர் கம்பியைத் தொட்டார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. மண் சுருங்கி வெடித்து, கம்பியைச் சுற்றிலும் கை நுழைகிற அளவுக்கு விலகி நின்றது. உள்ளே கரியெல்லாம் பொடியாகிக் கிடந்தது.

“குழிக்குத் தண்ணியே ஊத்தல” என்றார். “மண்ணுக்குள்ள எறங்க வேண்டிய கரண்டு, எறங்க வழியில்லாம தகட்டுலயே நின்னிருக்கு. நீ கைய வச்சதும் உன் வழியா எறங்கப் பாத்திருக்கு.”

நான் ஆடுகிற கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் கேள்வி என் வாயில் தானாக வந்தது.

“மிஷின விடுங்க. கம்பெனியில இருக்குமே, தகடு. அந்தக் குழி இப்படிக் காஞ்சு கெடந்தா?”

“அப்ப அது செவத்துல ஒட்டுன வெறும் செம்புதேன்.”

“தொட்டாலும்?”

அவருக்குப் புரிந்துவிட்டது. கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

“தொட்டாலும் எறங்காது.”

நான் அந்த வெயில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெடித்த அந்த வருஷம் கம்பெனிக் கிணறு வற்றிவிட்டது. லாரியில் வந்த தண்ணீரைக் குடிக்க மட்டும் என்று அளந்து கொடுத்தார்கள். சுவருக்குப் பின்னால் இருக்கிற குழியை யார் நினைத்துப் பார்த்திருப்பார்கள்? தகடு வாசலில் பளபளவென்று இருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தோம்.

“அன்னைக்கு அப்படித்தேன் நடந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது மீனா.”

“நடந்திருக்கலாமா?”

“நடந்திருக்கலாம்.”

நான் வாய்விட்டு அழுதேன். அத்தனை வருஷமும் எல்லோரும் நடந்தே தீர்ந்ததாகச் சொன்ன ஒன்றுக்கு எதிராக, இந்த ஒரு வார்த்தை எனக்குக் கிடைத்தது. அவள் தொட்டாள், தொட்டும் வெடித்திருக்கலாம். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க இடம் இருக்கிறது.

பின்கதவில் யோகேஸ்வரி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வந்து குனிந்து, அந்தக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். வீட்டுக்குள் புகுந்து தெருவுக்குப் போனாள். எங்கே போகிறாள் என்று நாங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் பலவேசம் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் படியை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை.

என்ன சொல்லிக் கூப்பிட்டாளோ, அவர் வந்தார். என்னையும் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரையும் பார்க்கவில்லை. நேராகக் கொல்லைக்கு வந்து, அவள் காட்டிய கம்பியைப் பிடித்தார். ஆட்டினார். என் கைக் கட்டைப் பார்த்தார். மறுபடி ஆட்டினார். பட்டாசுக் கம்பெனியில் வயசைத் தொலைத்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“அந்தச் சித்திரையில குடிக்கவே லாரித் தண்ணிதேன்...” என்றார். 

எழுந்து, வந்த வழியே போய்விட்டார். போனவர் போனவர்தான் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் தோளில் ஒரு குடத்தோடு திரும்பி வந்தார். தண்ணீருக்கு அடித்துக்கொள்கிற நாளில், அவர் வீட்டுக் குடிதண்ணீர். குழியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மண் சத்தம் போட்டுக் குடித்தது. குடம் காலியான பிறகும் குனிந்தபடியே நின்றார்.

“தொட்டாளாத்தா?”

“தொட்டா அண்ணே. நான் பாத்தேன்.”

அவர் நிமிர்ந்து யோகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். அவள் அம்மாவின் ஜாடை அவளுக்கு அப்படியே உண்டு. அவர் கை அவள் தலை வரை போய், தயங்கி, அப்புறம் தொட்டது.

மிஷினைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. அதற்குத் தனிக் குழியும் தனிக் கம்பியும் போட்டார் என் வீட்டுக்காரர். கதவைச் சாத்தாமல் மின்சாரம் வராதபடி ஒரு சுவிட்சும் வைத்தார். வாசல் தகடு தகடாக மட்டும் இருக்கிறது. இரண்டு குழிக்கும் காலையில் நான் தண்ணீர் ஊற்றுகிறேன். தெரு சிரிக்கிறது, சிரிக்கட்டும்.

மறுபடி ஓட்டிப் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் உள்ளே இருந்தோம். பம்ப் முனகத் தொடங்கியிருந்தது. நான் கதவைச் சாத்த எழுந்தபோது வாசலில் நிழல் தட்டியது. பலவேசம், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு, விசேஷத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

“உள்ள எத்தன பேரு?”

யோகேஸ்வரிதான் பதில் சொன்னாள்.

“மூணு பேருதேன். நீங்க வாங்க மாமா.”

அவர் தகட்டில் உள்ளங்கையை வைத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். பிறகு உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.